உப்பு அணு கரிக்குமா? ஒன்பதாம் வகுப்பில் மாட்டிக்கொண்டேன்

கேட்டவர்: உப்பங்காற்று டீச்சர்

எல்லோருக்கும் வணக்கம். ஏர்வாடிக்கும் வாலிநோக்கத்துக்கும் இடையில் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் அறிவியல் எடுக்கிறேன். சொந்த ஊர் மதுரைப் பக்கம். கடல் எனக்குப் புதுசு, பிள்ளைகளுக்கு அது வீட்டு வாசல். சிலர் வீட்டில் வலை, சிலர் வீட்டில் உப்பளம், சிலர் வீட்டில் அம்மா பாசி எடுக்கப் போகிறார்.

அணு அமைப்புப் பாடம் முடிந்துவிட்டது. புரோட்டான் எத்தனை, நியூட்ரான் எத்தனை என்று கேட்டால் படபடவென்று ஒப்பிக்கிறார்கள். சோடியத்தின் எலக்ட்ரான்களுக்கு 2, 8, 1 என்று வட்டம் போடச் சொன்னால் கவராயம் வைத்து அழகாகப் போடுகிறார்கள். போன வாரம் சும்மா பேச்சுவாக்கில் நான் கேட்ட கேள்விகளில்தான் வந்தது வினை.

"உப்பைத் தண்ணியில போட்டா அதோட அணு என்ன ஆகும்?" "உருகிப் போயிரும் டீச்சர்." செம்பு அணு எப்படி இருக்கும் என்றால் "செவப்பா" என்கிறார்கள். ஐஸில் இருக்கும் துகள் "சில்லுன்னு கெட்டியா" இருக்குமாம். துகளுக்கும் துகளுக்கும் நடுவில் என்ன இருக்கிறது என்றதற்கு வகுப்பே சேர்ந்து கத்தியது: "காத்து!" கடைசி பெஞ்சில் ஒரு பையன், அவன் அப்பாவுக்கு உப்பளத்தில் வேலை, "ஒரே ஒரு உப்பு அணுவ நக்கினா கரிக்குமா டீச்சர்?" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். அவன் விடவில்லை. "மொதல்ல அணுவ யாரு பாத்தா?" என்றான்.

திரும்ப நடத்த இரண்டு பீரியடு ஒதுக்க முடியும். ஆய்வகம் என்பது ஒரு பீரோ. இரண்டு கைலென்ஸ், கொஞ்சம் பீக்கர், சோதனைக் குழாய்கள். வீடியோ போடலாம் என்றால் நெட் வருவதும் போவதும் அதன் இஷ்டம். தெர்மாகோலில் அணு மாதிரி செய்யச் சொல்லலாமா? வேறு வழி இருந்தால் சொல்லுங்கள்.

---

பதில்: நூற்றுக்கு நூறு

தெர்மாகோலே நல்லது மேடம். கலர் கலராகப் பந்து, சுற்றிலும் கம்பி வளையம், கண்காட்சியில் வைத்தால் பார்க்க எடுப்பாக இருக்கும். பரீட்சையில் கேட்பது எலக்ட்ரான் பகிர்வும் ரூதர்ஃபோர்டு சோதனையும்தான். அணு கரிக்குமா என்று யாரும் கேட்கப் போவதில்லை. பிள்ளைகள் ஒப்பிக்கிறார்கள் என்றால் உங்கள் வேலை முடிந்தது. அடுத்த பாடத்துக்குப் போங்கள்.

---

பதில்: கீழக்கரை வாத்தியார்

டீச்சர், அந்தக் கடைசி பெஞ்சுப் பையனை முன்னால் கூப்பிட்டு உட்கார வையுங்கள். பாடத்தை அவன்தான் சரியான இடத்தில் பிடித்திருக்கிறான்.

நான் வேதியியல் எடுத்து ஓய்வு பெற்றவன். தெர்மாகோல் சோடியத்தைப் பார்த்துப் பார்த்து அலுத்துப் போனவன். கண்காட்சி முடிந்ததும் அது பீரோ மேல் ஏறும், அடுத்த வருஷம் அதே பந்துக்கு வேறு பெயர் எழுதி ஒட்டுவார்கள். அதிலிருந்து பிள்ளைக்குக் கிடைப்பதெல்லாம் உட்கரு சிவப்பு, எலக்ட்ரான் நீலம் என்பதுதான்.

உங்கள் பிள்ளைகள் சொன்ன பதில்களில் ஒரு நியாயம் இருக்கிறது. கல்லுப்பை உடைத்தாலும் கரிக்கிறது, பொடித்தாலும் கரிக்கிறது. அப்படியானால் கடைசித் துணுக்கும் கரிக்கத்தானே வேண்டும்? இந்த யோசனைக்கு 2, 8, 1 பதில் சொல்லாது. வட்டத்தை அழித்துவிட்டு, "உடைத்துக்கொண்டே போனால் எங்கே நிற்கும், அந்தக் கடைசித் துணுக்கு எவ்வளவு பெரிசு" என்பதிலிருந்து தொடங்குங்கள். அளவு மனசில் பதிந்த பிறகு உட்கருவுக்குப் போகலாம். பாடப்புத்தகம் போகும் வரிசை வேறுதான், இருக்கட்டும். இரண்டு பீரியடு உங்கள் கையில் இருக்கிறதே.

முதல் பீரியடு உப்புக்கு. நல்ல கல்லாகப் பார்த்து ஒன்றை எடுத்து ஓட்டின் மேல் வையுங்கள். பழைய பிளேடை அதன் ஒரு பக்கத்துக்கு இணையாக நிறுத்தி, மேலே லேசாக ஒரு தட்டு. அதிகம் அடித்தால் தூளாகிவிடும். சரியாக விழுந்தால் பளிங்குச் சுவர் மாதிரி ஒரு முகம் வெட்டி எடுத்தாற்போல் பிரியும். லென்ஸில் பார்க்கச் சொல்லுங்கள். துணுக்கை மறுபடி தட்டினாலும் செங்கோணம்தான். ஏன் எப்போதும் செங்கோணம் என்று கேட்டுவிட்டு நீங்கள் பேசாமல் நில்லுங்கள். உள்ளே ஏதோ வரிசையாக அடுக்கியிருக்கிறது என்று யாராவது ஒருவர் சொல்லாமல் இருக்க மாட்டார்.

அந்த அடுக்கை எக்ஸ் கதிர் கொண்டு 1913-இல் படித்துச் சொன்னவர் லாரன்ஸ் பிராக். சோடியம் அயனி (மின்னேற்றம் பெற்ற அணுதான் அயனி), குளோரைடு அயனி, மறுபடி சோடியம், மறுபடி குளோரைடு என்று மூன்று திசையிலும் மாறி மாறி வரும். பக்கத்துப் பக்கத்து அயனிகளின் மையங்களுக்கு நடுவே 0.282 நானோமீட்டர் (மி.மீ.-யில் பத்து லட்சத்தில் ஒரு பங்குதான் ஒரு நானோமீட்டர்). இது உன் ஜோடி, இது என் ஜோடி என்று தனித்தனி உப்பு மூலக்கூறே கல்லுக்குள் கிடையாது. அந்தக் காலத்தில் வேதியியல்காரர்கள் சிலருக்கு இது ஜீரணமாகவில்லை. உங்கள் பையனிடம் உப்பு அணு என்று ஒன்று இல்லை என்பதை இங்கேயே சொல்லிவிடலாம்.

இப்போது கணக்கு. அட்டையில் ஒவ்வொரு பக்கமும் 3 செ.மீ. இருக்கும்படி ஒரு கனசதுரப் பெட்டி ஒட்டச் சொல்லுங்கள். அது நிறைய, இடைவெளியே இல்லாத உப்புப் படிகம் இருந்தால் எடை ஏறக்குறைய 58.4 கிராம். அதாவது சரியாக ஒரு மோல், துகள்களை மொத்தமாக எண்ண வேதியியலில் வைத்திருக்கும் அளவு. பத்தாம் வகுப்பில் மோல் என்றதும் பயந்து ஓடுகிறவர்களுக்கு இந்தப் பெட்டியை இப்போதே பழக்கிவிடுங்கள். பெட்டியின் ஒரே ஓரத்தில் சுமார் 10.6 கோடி அயனிகள் வரிசையில் நிற்கும். பெட்டி வேண்டாம், 0.3 மி.மீ. பொடி உப்பு ஒன்றே ஒன்று போதும் என்றால், அதன் ஓரத்தில் 10.6 லட்சம். வினாடிக்கு ஒன்று வீதம் தூங்காமல் எண்ணினால் 12 நாள் ஆகும், அதுவும் ஒரு ஓரம் மட்டும். கோடி லட்சமெல்லாம் நம் பிள்ளைகளுக்கு நன்றாகவே தெரியும். பத்தின் அடுக்கைப் பிறகு எழுதிக் கொடுங்கள்.

அப்புறம் கரிப்பு. தண்ணீரில் போட்டதும் அடுக்கு கலைந்து அயனிகள் பிரிந்து திரிகின்றன, எதுவும் உருகுவதில்லை. சோடியம் அயனிகள் ஏராளமாக நாக்கின் சுவைச் செல்களுக்குள் நுழையும்போது நமக்குக் கரிப்பு தெரிகிறது. ஒற்றை அயனி போனால் நாக்குக்குத் தெரியவே தெரியாது. செம்பின் சிவப்பும் ஐஸின் கெட்டித்தனமும் இப்படித்தான், கூட்டமாகச் சேர்ந்தால் வருகிற குணம்.

உப்பில் சோடியம் இருக்கிறது, குளோரின் இருக்கிறது என்பதையும் கண்ணால் காட்டிவிடலாம். உப்புத் தண்ணீரில் மஞ்சள்தூள் கலந்து, இரண்டு பென்சில் குச்சியை எதிரெதிரே நிறுத்தி, 9 வோல்ட் பேட்டரியைக் கொடுங்கள். எதிர்முனைப் பக்கம் குமிழி வரும், மஞ்சள் சிவப்பாகும். அங்கே உண்டாவது சோடியம் ஹைட்ராக்சைடு. நேர்முனைப் பக்கம் மஞ்சள் வெளுக்கும், பிளீச்சிங் பவுடர் வாடை வரும். அது குளோரின். ஜன்னலைத் திறந்து வைத்து, ஒரு நிமிஷத்துக்குள் கம்பியைக் கழற்றிவிடுங்கள். யாரும் மூக்கை வைத்து மோந்து பார்க்கக் கூடாது.

இரண்டாவது பீரியடு எண்ணெய்க்கு. பெஞ்சமின் ஃபிராங்க்ளின் லண்டனை ஒட்டிய கிளாப்பம் என்ற இடத்துக் குளத்தில் ஒரு தேக்கரண்டி எண்ணெயை ஊற்ற, அது அரை ஏக்கர் வரை பரவி அலை அடங்கியது என்று 1774-இல் எழுதினார். தேக்கரண்டி 5 மி.லி., அரை ஏக்கர் ஏறக்குறைய 2,000 சதுர மீட்டர். வகுத்தால் 2.5 நானோமீட்டர். அந்த மனுஷன் வகுக்காமல் விட்டுவிட்டார்! உங்கள் பிள்ளைகள் வகுக்கட்டும்.

செய்முறை சுலபம். அகலமான டப், அடி கருப்பாக இருந்தால் நல்லது. சோப்பு ஒட்டியிருக்கவே கூடாது. தண்ணீர் அசையாமல் நின்றதும் முகப்பவுடரை மெல்லிசாகத் தூவுங்கள். மெல்லிய செம்புக் கம்பியை மடித்து, மடிப்பு முனையை நல்லெண்ணெயில் தொட்டு எடுத்தால் குட்டித் துளி தொங்கும். லென்ஸ் வழியாக ஸ்கேலோடு ஒட்டிப் பிடித்துப் பாருங்கள். அரை மி.மீ. குறுக்களவு இருக்க வேண்டும். பெரிசாக இருந்தால் இன்னொரு கம்பியால் கொஞ்சம் வாங்கிவிடுங்கள். துளி தண்ணீரைத் தொட்ட நிமிஷத்தில் பவுடர் நாலா பக்கமும் விலகி வட்டமாக இடம் விடும். வட்டத்தின் குறுக்களவு 20 செ.மீ. என்று வைத்தால், துளியின் கன அளவை வட்டத்தின் பரப்பால் வகுக்க 2 நானோமீட்டர் வரும். மி.மீ.-யில் பத்து லட்சத்தில் இரண்டு பங்கு. இதற்கு மேல் அந்தப் படலத்தால் மெலிய முடியவில்லை, ஒரு மூலக்கூறு தடிமனுக்கு வந்துவிட்டது. ஒரு மூலக்கூறில் நூற்றைம்பதுக்கும் மேல் அணுக்கள். ஆக அணு இதைவிடச் சின்னது. ஸ்கேலை வைத்து இதைச் சொல்ல முடிகிறதே!

படகுத் துறையில் டீசல் மிதக்கிற இடத்தில் கலர் கலராகத் தெரியுமே, அதுவும் இதுதானா என்று யாராவது கேட்பார்கள். அது இதைவிடப் பல மடங்கு தடித்த படலம். இவ்வளவு மெலிந்துவிட்டால் நிறமே தெரியாது, அதனால்தான் பவுடர்.

"காத்து" என்ற பதிலுக்கு ஊசி இல்லாத சிரிஞ்ச் போதும். வாயை விரலால் அடைத்து அழுத்தினால் காற்று சுருங்கும், தண்ணீர் சுருங்காது. சுருங்குகிறது என்றால் நடுவில் இடம் இருக்கிறது. காற்றுத் துகள்களுக்கு நடுவிலும் காற்றுதான் என்று சொன்னால், அந்தக் காற்றுக்கு நடுவில் என்ன என்று திருப்பிக் கேளுங்கள். தானாக வந்து நிற்பார்கள்.

இதெல்லாம் ஆன பிறகு ரூதர்ஃபோர்டு. வெறும் படமாகப் போட வேண்டாம். மான்செஸ்டரில் 1909-இல் ரூதர்ஃபோர்டின் ஆய்வகத்தில் கைகரும் மார்ஸ்டனும் இருட்டறையில் கண் பழகும் வரை உட்கார்ந்து, திரையில் மினுக்கும் ஒவ்வொரு பொறியையும் மைக்ராஸ்கோப்பில் பார்த்து எண்ணினார்கள். மார்ஸ்டனுக்கு வயது 20, கல்லூரி மாணவர். பிளாட்டினத் தகட்டில் பட்ட ஆல்ஃபா துகள்களில் (கதிரியக்கப் பொருளிலிருந்து சீறி வரும் நேர்மின் துகள்கள், திரையில் பொறி விழுவது இவற்றால்தான்) சுமார் எட்டாயிரத்துக்கு ஒன்று திரும்பி வந்தது. அதிலிருந்து உட்கருவுக்கு வந்து சேர ரூதர்ஃபோர்டுக்கு 1911 ஆயிற்று. அளவு சொல்ல நம்மிடம் பாம்பன் ரயில் பாலம் இருக்கிறது, நீளம் 2 கி.மீ.-க்குக் கொஞ்சம் கூட. உட்கருவை 2 செ.மீ. கோலிக்குண்டாக எண்ணிப் பாலத்தின் நடுவில் வைத்தால், அணுவின் எல்லை இந்தப் பக்கம் மண்டபம் கரை, அந்தப் பக்கம் பாம்பன் கரை. நிறை முழுக்கக் கோலிக்குண்டில்.

யார் பார்த்தது என்றானே, அவனுக்கு நல்ல துணை இருக்கிறது. வில்ஹெல்ம் ஆஸ்ட்வால்டு எவ்வளவு பெரிய வேதியியல் அறிஞர், அவரே 1908 வாக்கில்தான் அணு உண்டு என்று ஒப்புக்கொண்டார். தண்ணீரில் தூசு ஓயாமல் துள்ளுவதை 1905-இல் ஐன்ஸ்டைன் கணக்காக்கி, பெரான் அளந்து காட்டிய பிறகு மறுக்க வழியில்லை. தனித்தனி அணுவை மேடாகக் காட்டும் நுண்ணோக்கி 1981-இல் ஜூரிக்கில் வந்தது. 1989-இல் 35 செனான் அணுக்களை ஒவ்வொன்றாக நகர்த்தித் தங்கள் கம்பெனி பெயரையே எழுதினார்கள், ஐபிஎம் காரர்கள். விளம்பரம்தான், ஆனாலும் என்ன விளம்பரம்!

நூற்றுக்கு நூறு சார், கோபிக்க வேண்டாம். இப்படி நடத்தினால் 2, 8, 1 மறந்துவிடாது.

---

பதில்: இருபத்தஞ்சு டிகிரி

வாத்தியார் காக்கா சொன்னதெல்லாம் சரி. உப்பு விஷயத்தில் மட்டும் நான் கொஞ்சம் சேர்க்கிறேன். உப்பளத்தில் டிகிரி பார்ப்பதுதான் என் வேலை. டிகிரி என்றால் சூடு இல்லை, தண்ணீரில் உப்பு எவ்வளவு ஏறியிருக்கிறது என்கிற அளவு.

பாத்தியில் வாரிப் போட்ட உப்பில் முழுக் கட்டம் கிடைப்பது கஷ்டம். வாரும்போதே மூலை உடையும், காற்று அடித்தால் சீக்கிரம் இறுகிப் பொடிமணியாகும். நல்ல கல் வேண்டுமென்றால் 25 டிகிரித் தண்ணீரைத் துணியில் வடிகட்டி, வாய் அகன்ற கண்ணாடிப் பாத்திரத்தில் ஊற்றி, மேலே துணி கட்டி, காற்று படாத அறையில் வையுங்கள். ஆட்டக் கூடாது. அடியில் சின்னச் சின்னக் கட்டம் விழுந்ததும் ஒன்றை மட்டும் விட்டு மற்றதை எடுத்துவிடுங்கள், அது வளரும். அதன் முகம் கண்ணாடியாக இருக்கும், பிளேடுக்கும் சொன்னபடி கேட்கும்.

இன்னொன்று, கடல் தண்ணீர் வரும்போது 3 டிகிரி சுமார் இருக்கும். வெயிலில் வற்ற வற்ற முதலில் சுண்ணாம்புச் சத்து படியும், அப்புறம் ஜிப்சம், 25-க்கு வந்தால்தான் உப்பு. 29, 30 ஆனதும் மிச்சத் தண்ணீரைத் திறந்து விட்டுவிடுவோம். விடாமல் வைத்தால் மெக்னீசியம் ஏறி உப்பு கசக்கும், மூட்டையில் நீர் கோத்துக்கொள்ளும். ஒரே கடல் தண்ணீர், ஆனால் ஒவ்வொன்றும் தன் முறை வந்தால்தான் இறங்கும். பாத்தியிலிருந்து ஜிப்சமும் தருகிறேன். ஊசி ஊசியாக, தட்டையாக இருக்கும், உப்போடு பக்கத்தில் வைத்து லென்ஸில் காட்டுங்கள். அடுக்கு மாறினால் உருவம் மாறும் என்று நீங்கள் சொல்லவே வேண்டாம்.

---

கேட்டவர்: உப்பங்காற்று டீச்சர்

வாத்தியார் சார், டிகிரி அண்ணே, இருவருக்கும் நன்றி. எண்ணெய் சோதனையை முதலில் செய்துவிட்டேன். ஒரு குழுவுக்கு வட்டம் 21 செ.மீ. வந்தது, கணக்குப் போட்டால் 1.9 நானோமீட்டர். நம்பாமல் மறுபடி மறுபடி வகுத்துப் பார்த்தார்கள். இன்னொரு குழு டப்பை வீட்டிலிருந்து சோப்புப் போட்டுக் கழுவிக் கொண்டுவந்திருந்தது. துளி பரவாமல் அப்படியே உட்கார்ந்துகொண்டது. அதுவும் ஒரு பாடமாகப் போயிற்று.

பிளேடு வேலையில் பசங்களைவிடப் பெண் பிள்ளைகள் கெட்டி. வீட்டில் மீன் அரிகிற கை.

பாம்பன் பாலக் கணக்கில்தான் இப்போது புதுச் சிக்கல். "அவ்வளவு தூரமும் ஒண்ணுமே இல்லைன்னா, நான் ஏன் பெஞ்சுக்குள்ள போயிராம மேல உக்காந்துருக்கேன்?" என்கிறாள் ஒருத்தி. ஆல்ஃபா துகள் தகட்டுக்குள் போகிறதே, நான் ஏன் போகவில்லை என்பது அவள் கேள்வி. நாளைக்குச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன்.

---

பதில்: கீழக்கரை வாத்தியார்

1890-இல் ராலே பிரபு ஆலிவ் எண்ணெயில் அளந்தபோது அவருக்கு 1.6 நானோமீட்டர் வந்தது. டப்பும் முகப்பவுடரும் வைத்துக்கொண்டு பக்கத்தில் போய் நிற்கிறீர்கள். அதைப் பிள்ளைகளிடம் சொல்லுங்கள்.

அந்தப் பெண்ணுக்கான பதில் இது. நாம் வட்டத்தின் மேல் புள்ளி வைத்து எலக்ட்ரானை வரைவதால் வந்த குழப்பம். எலக்ட்ரான் ஒரு மூலையில் புள்ளியாக நின்றுகொண்டு மற்ற இடத்தைக் காலியாக விடவில்லை. இரு கரைக்கும் நடுவில் உள்ள இடம் முழுக்க அதன் ஆட்சிதான். பெஞ்சின் எலக்ட்ரான்களும் அவள் பாவாடையின் எலக்ட்ரான்களும் நெருங்கினால் ஒன்றையொன்று தள்ளும். போதாததற்கு, ஒரே நிலையில் இரண்டு எலக்ட்ரான் இருக்கக் கூடாது என்று ஒரு விதி, 1925-இல் பௌலி சொன்னது. அதற்குள் ஒன்பதாம் வகுப்பில் இறங்க வேண்டாம், தள்ளுகிறது என்பதோடு நிறுத்துங்கள். பதினொன்றில் வரும்.

ஆல்ஃபா கதை வேறு. எலக்ட்ரானைவிட ஏழாயிரம் மடங்குக்கு மேல் கனமானது, வினாடிக்குப் பதினைந்தாயிரம் கி.மீ. வேகத்தையும் தாண்டி வருகிறது. எலக்ட்ரான்களால் அதைத் திருப்ப முடியாது, உட்கருவுக்கு மிக அருகில் போனால்தான் திரும்பும். அவள் அந்த வேகத்தில் பெஞ்சில் உட்காருவதில்லையே.

டிகிரித் தம்பி, அந்த 25 டிகிரித் தண்ணீர் எனக்கும் கொஞ்சம் வேண்டும். பேரனுக்குக் காட்ட.

---

பதில்: இருபத்தஞ்சு டிகிரி

வாங்க காக்கா. டீச்சர், நீங்களும் சனிக்கிழமை காலையில் ஆள் அனுப்புங்கள். கேன் மட்டும் நீங்கள் கொண்டுவர வேண்டும். எண்ணெய்க் கேன் வேண்டாம், குடிதண்ணீர்க் கேனாக இருக்கட்டும். ஜிப்சத்தை ஒரு டப்பாவில் எடுத்து வைக்கிறேன். ஐப்பசி மழை தொடங்கிவிட்டால் பாத்தியில் ஒன்றும் இருக்காது, அதனால் தள்ளிப்போட வேண்டாம்.